டாக்டரின் நாற்காலி

வட்டமாகப் போட்ட ஆறு நாற்காலிகளில், ஜன்னலுக்கு முதுகு காட்டி இருப்பது டாக்டருடையது. மனசில் இருப்பதைப் பேசித் தீர்க்க வாரம் ஒருமுறை கூடும் இந்தக் குழுவில் வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. அப்படி ஒரு சட்டமும் கிடையாது. இன்று டாக்டர் ஏழு நிமிடம் தாமதம். ஓய்வுபெற்ற நீதிபதி அதில் உட்கார்ந்திருக்கிறார். குழுவில் ஒருவரான நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "மாட்டிக்கப் போறீங்க," என்று லாரி டிரைவர் கிசுகிசுக்கிறார். இருவருக்குமே பேரப்பிள்ளைகள் உண்டு. மாலை வெயில் வழுக்கையில் பளபளக்க, நீதிபதி காலை ஆட்டிக்கொண்டே டாக்டரைப் போலத் தொண்டையைச் செருமிக் காட்டுகிறார். கதவு கிறீச்சிடுகிறது. துள்ளி எழுந்த வேகத்தில் அவர் மூக்குக்கண்ணாடி தரையில் விழுகிறது. "நானா உட்காரல. டிரைவர்தான் உட்காரச் சொன்னாரு." சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கீச்சுக்குரல் தன்னுடையது என்று உறைக்கிறது. கூண்டில் நின்றவர்கள் முப்பது வருஷமாக இதே பாட்டைப் பாட, ஒருவரையும் நம்பாதவர் அவர். டாக்டர் கோபிக்கவில்லை. கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, காலியாகக் கிடக்கும் நீதிபதியின் நாற்காலியில் போய் உட்காருகிறார். "நான் கதவைத் திறந்தப்போ உங்களுக்கு என்ன வயசு சார்?" நீதிபதி நின்றபடியே பதில் சொல்ல வாயெடுக்கிறார். அதற்குள் கை தானாக எழுந்து, யாரோ திருக வருவதுபோல, இடது காதைப் பொத்திக்கொள்கிறது.