உள்மூடி

சாப்பாட்டு மேசையருகே மாமா சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஜன்னல் வெயில் மொத்தமும் அந்தத் தொப்பையில் விழுந்து, அறையின் மிச்சம் இருண்டு கிடக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரையை மாத்திரையாலேயே ஓட்டி வந்தவருக்கு இன்றுதான் முதல் இன்சுலின் ஊசி. எதிரே அக்கா மகள் தட்டுத் துடைக்கிறாள். குழந்தைப் பருவத்திலேயே வந்த முதல் வகைச் சர்க்கரைக்கு ஊசி குத்திக் குத்தி உடம்பே சல்லடையானவள். "எப்படிக் குத்தறதுன்னு காட்டேன்மா." "எனக்கு வந்தப்ப, சர்க்கரை டப்பாவத் திருடித் தின்னிருப்பான்னு ஊரெல்லாம் சொன்னீங்களே மாமா. நீங்க எந்தக் கடையத் தின்னீங்க?" "உனக்கு மட்டும் தன்னால வந்துச்சு, எனக்கு நான் தின்னு வந்துச்சாக்கும்? எங்கப்பாவுக்கும் இருந்துச்சுடி!" ஊசியின் மூடியைப் பிடுங்கி எறிந்து, போர்க்களத்தில் நிற்பவர் போலக் கண்ணை இறுக மூடி, அவரே அழுத்துகிறார். பிறகு ஒரு கண்ணைத் திறக்கிறார். "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே! இதுக்கா இத்தனை வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?" அந்தப் பேனா ஊசிக்கு இரண்டு மூடி. உள்ளேயிருக்கும் சின்ன மூடியை அவர் கழற்றவே இல்லை. மருந்து முழுவதும் அதற்குள் தேங்கி வெயிலில் மினுங்குகிறது. அவள் அதைப் பார்க்கிறாள். துடைத்த தட்டையே மறுபடி துடைக்கிறாள். "ஆமா மாமா, வலிக்கவே வலிக்காது."