கிணற்றுக்குள் திரும்பிய வீடு

தோட்டத்துக் கல்வீட்டைச் சுவர் சுவராக இடித்து எதிரே இருந்த கிணற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது ஜேசிபி. நீர் வற்றிப் பல வருடமான அந்தக் கிணற்றில் போன வாரம் ஒரு கன்றுக்குட்டி விழுந்து செத்ததால் சென்னியப்பன் அதை மூடிவிடத் தீர்மானித்திருந்தார். வீட்டிலும் இப்போது யாரும் குடியில்லை. அந்தக் கிணற்றை வெட்டியபோது வந்த கல்லை, செம்மண் குழைத்து அடுக்கித்தான் அப்பா வீடு கட்டியிருந்தார். விளக்குமாடத்தின் கரி படிந்த கல்லும், மாடுகள் உரசி உரசி வழவழப்பான மூலைக்கல்லும் வந்த வழியே திரும்பிப் போயின.

சாயங்காலம் கிணறு தரையோடு தரையானது. நடுவில் மட்டும் ஒரு சிறு பள்ளம்.

"ஒரே ஒரு கல்லு பத்தலையாட்ட இருக்குது" என்றார் சென்னியப்பன்.

வீட்டைக் கடைசியாகப் பார்க்க வந்திருந்த தங்கை தெய்வாத்தாள் அந்தப் பள்ளத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அது எங்கூட்டுல கெடக்குதுங்கண்ணா. என்ற கண்ணாலத்தப்ப, துணி தொவைக்க ஆகும்னு பின்வாசப்படிக் கல்லப் பேத்து அப்பா வண்டீல ஏத்தியுட்டாரில்லீங்?"

"ஆள உட்டு எடுத்தாரச் சொல்லட்டுமா அம்மிணி?"

"வேண்டாங்கண்ணா. தெனமும் தண்ணி படற கல்லு. அதொண்ணாச்சும் நனஞ்சுட்டே கெடக்கட்டும்."