சிலேட்டின் மறுபக்கம்

உத்தமபாளையம், 22-8-1936, சனி

மாலை வகுப்புக் கண்ணாடித் தொட்டியில் இருந்த இரண்டு விரால்களும் என் பொறுப்பு. அவை ஓயாமல் கடித்துக்கொண்டதால் நடுவே என் சிலேட்டைச் செருகியிருந்தேன். செவ்வாயன்று சின்னது செத்தது, நானே புதைத்தேன். கணக்குப் போட வேண்டியிருந்ததால் சிலேட்டை எடுத்துக்கொண்டேன். மறுநாள் பெரியதன் வால் கிழிந்திருந்தது. கல் உரசியிருக்கும் என்று கற்களை அகற்றினேன். வியாழனன்று இன்னொரு கிழிசல்.

"ஏலே சுருளியாண்டி, ஒத்த மீனு யாருகூடடா மல்லுக்கட்டும்? இதுவும் செத்தா சாருக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று பக்கத்தில் இருந்த ஒச்சாண்டி சிரித்தான்.

நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ. நேற்று சிலேட்டைத் திரும்பச் செருகிவிட்டு, வகுப்பில் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். இன்று புதுக் கிழிசல் இல்லை. பழக்கத்தில் இரண்டு பக்கமும் மண்புழு போட்டிருந்தேன். பெரியதன் பக்கத்தில் இரண்டு மிச்சம். காலிப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

நாளைக்கும் இரண்டு பக்கமும் போட வேண்டும்.