எந்தப் பக்கத்து முட்டை?

உள்ளே அகலம், வெளியே கீறல். பார்க்கத் தெரியும், கூப்பிடத் தெரியாது. அது என்ன?

ஆறு பிரிக்கும் இரண்டு நாடுகளின் எல்லையில், இடிந்த கோட்டைச் சுவரில், காவலர்கள் அம்பு எய்வதற்காக விட்ட துளைதான். போர் ஓய்ந்து வெகுகாலமாகியும், கோட்டை பார்க்க வருகிற எல்லோரிடமும் அது, "எந்தப் பக்கம்?" என்று கேட்கும். யார் காதிலும் விழாது.

ஒருநாள் ஒரு குருவியின் காதில் விழுந்தது.

"முட்டையிடுற பக்கம்! மரத்துல வல்லூறு விடமாட்டேங்குது. கொஞ்சம் இடம் குடுங்க, அண்ணே."

"கூடு கட்டுற புல்லு?"

"அந்த நாட்டுது. மேலே போடுற ரோமம் இந்த நாட்டு ஆட்டோடது."

"அப்போ முட்டை?"

"பொரிஞ்சதும் நீங்களே கேட்டுக்குங்க."

துளை இடம் கொடுத்தது. வல்லூறு வந்தது, உள்பக்கத்தை இடிந்த கற்கள் அடைத்திருக்க, வெளிக் கீறலில் அலகு மட்டுமே நுழைந்தது. திட்டிக்கொண்டே போய்விட்டது. அம்பு இல்லாமலே ஜெயித்துவிட்டோமே என்று துளைக்கு ஒரே பெருமை.

குஞ்சு பறக்கும் நாள் வந்தது. 'அந்தப் பக்கம்' என்று சொல்லிவிட்டால் செல்லக் குஞ்சு எதிரியாகிவிடுமே என்று துளைக்குப் பயம். ஆனாலும் கேட்டது.

"எந்தப் பக்கம்?"

குஞ்சு ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒரு புழுவைப் பிடித்தது. இந்தப் பக்கம் வந்து, துளையில் உட்கார்ந்து தின்றது.