தனேஸ்வரியின் பெயரில் ஒரு மஸ்டாங்

பெட்ரோல் மணந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் காருக்கு அடியில் லைட்டைப் பிடித்தேன். புது ஹோஸின் ஜொயின்டில் ஒரு துளி திரண்டு விழுந்தது. அடுத்ததும் திரளத் தொடங்கியது.

நேரம் பதினொன்று இருபது.

"பன்னிரண்டுக்கு முன்னம் கார் வெளியில போயிடவேணும், அண்ணை," என்றாள் தனேஸ்வரி. பத்தே முக்காலுக்கு டாக்சியில் என் கராஜ் வாசலில் வந்து இறங்கியதிலிருந்து இதை நாலாவது தடவையாகச் சொல்கிறாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. அன்றைக்குத்தான் காரைக் கையளிப்பதாகப் பேச்சு. நேரத்தைப் பிறகு சொல்வதாக அவளுடைய புருஷன் சிறிதரன் சொல்லியிருந்தார்.

சரி, பன்னிரண்டுக்கு ராகு காலம் தொடங்குகிறதாக்கும் என்று நினைத்தேன். அந்த மனிதரோடு இரண்டு வருஷம் மாரடித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? எஞ்சின் இறக்கிய நாள், பெயின்ட் அடித்த நாள், ஏன், ஸ்டியரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றிய நாள்கூட அவர் நேரம் பார்த்துச் சொன்னதுதான். நான் கத்தோலிக்கன், மடுமாதா கோயில் ஆள். எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. அவர் சொன்ன நேரத்துக்கு ஸ்பானரை எடுப்பேன், சொன்ன நேரத்துக்குக் கீழே வைப்பேன்.

கார் அறுபத்தெட்டாம் ஆண்டு மஸ்டாங். அமெரிக்காவிலிருந்து துருப்பிடித்து வந்து இறங்கியது. வெளியே அதே பழைய உடம்பு. உள்ளே எஞ்சின், பிரேக், கியர் எல்லாம் இந்தக் காலத்துச் சாமான்கள். நோபல் பார்க் பக்கம் இந்த வேலை செய்கிற தமிழன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

ஆனால் பழைய எஞ்சினுக்குப் பெட்ரோல் வடிந்தால் போதும். புதியதற்கு அது அழுத்தத்தோடு பாயவேண்டும். அப்படிப் பாய்கிறது கசிந்து சூடான எக்ஸோஸ்ட் குழாயில் பட்டால் கார் மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களும் மிஞ்சமாட்டார்கள்.

உள்ளே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். பின்சீட்டில் அவர்களுடைய மகள், பள்ளிக்கூட யூனிபோமோடு, பெல்ட்டும் போட்டுக்கொண்டு. இறக்கச் சொன்னேன். தாய் இறக்கிக் கையைப் பிடித்தாள். பிறகு அந்தக் கையை விடவேயில்லை.

சிறிதரனுக்கு ஒரு போன் கோல் எடுத்து, வேறு நேரம் பார்க்கச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம், அவர் பிறகு வருவார் என்றாள். அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனையே பார்த்தாள்.

அவளுக்குப் பயம். அந்த மனிதருக்கு யார்தான் பயமில்லை? பதிவுப் பத்திரத்துக்காக அவளுடைய பிறந்த தேதியை அவளிடம் கேட்டபோது பதில் சொன்னது அவர். அவளுடைய போன் அடித்தபோது, அவளுடைய கைப்பையைத் திறந்து எடுத்துப் பேசியதும் அவர். சாதகத்தில் சனி சரியில்லையாம், தன் பெயரில் இரும்பு ஆகாதாம். அதனால் கார் தனேஸ்வரியின் பெயரில். பெயரில் மட்டும்தான். இத்தனை மாதத்தில் அவள் அந்த ஸ்டியரிங்கைத் தொட்டு நான் கண்டதில்லை.

ஜொயின்டைக் கழற்றினேன். பிழை என்னுடையதுதான். ஹோஸைக் கோணலாக வெட்டியிருந்தேன். புதுத் துண்டு ஒன்றை நேராக வெட்டித் திரும்பப் பூட்டினேன். அவசரத்தில் ஸ்பானர் வழுக்கி விரலைக் கிழித்தது.

பதினொன்று நாற்பது.

பம்பை மட்டும் ஓடவிட்டு விரலால் ஜொயின்டைத் தடவினேன். ஈரம்.

விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், என் இரத்தம்.

துடைத்துவிட்டு மறு கையால் தடவினேன். ஈரமில்லை. ஆனாலும் ஐந்து நிமிஷமாவது பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றேன்.

அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு கார் மெதுவாகக் கடந்தபோது மகளைத் தனக்குப் பின்னால் இழுத்தாள். ராகு காலத்துக்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் ஜொயின்ட் காய்ந்தே இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். இரண்டு பேரும் ஏறினார்கள். எஞ்சின் உறுமியதில் தகரக் கூரை அதிர்ந்தது. கிளச்சை விட்டதும் கார் குலுங்கி நின்றுபோனது. இரண்டாம் தடவை போய்விட்டது.

பன்னிரண்டுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. தப்பினோம் என்று பெருமூச்சு விட்டேன்.

பன்னிரண்டேகாலுக்குச் சிறிதரன் வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கையில் ஒரு தேங்காயும் நாலு டயருக்கு நாலு தேசிக்காயும்.

"வெள்ளிக்கிழமை பத்தரை தொடக்கம் பன்னிரண்டு மட்டும் ராகு காலம், நான் வீட்டுப்படி இறங்கமாட்டன். பிள்ளைக்குக் காய்ச்சலெண்டு பள்ளிக்கூடத்துக்குப் போன மனுசியையும் இன்னும் காணேல்லை. கார் எங்க?"

ராகு காலம் பன்னிரண்டுக்குத் தொடங்கவில்லை. முடிந்திருக்கிறது. இந்த மனிதர் வீட்டை விட்டு அசையமாட்டார் என்று தனேஸ்வரிக்கு நிச்சயமாகத் தெரிந்த நேரம் அது ஒன்றுதான்.

 மேசையில் அவள் கையெழுத்துப் போட்ட தாள் கிடந்தது. கை துடைக்கிற துணியை அதன்மேல் போட்டேன்.

"காரை ரோட்டில ஓடிப் பாக்க அனுப்பியிருக்கிறன், ஒரு மணித்தியாலத்தில வந்திடும். இருங்கோ," என்றேன்.

அவர் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் தேநீருக்குக் கெட்டிலை விளிம்புவரை நிரப்பினேன்.