இருபத்தேழு சினிமா நோட்டீஸ்கள்

"வாய்மொழித் தேர்வுக்கு வரப்போறது அவங்கதாம்மா" என்றார் வழிகாட்டி.

ஆய்வு மாணவி கையிலிருந்த ஆய்வேட்டை மேசைமேல் வைத்தாள்.

சினிமா வந்த புதிதில், முதல் பத்து வருஷம் பெண்கள் கொட்டகைப் பக்கம் தலைகாட்டவே இல்லை என்று புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவர் அந்தப் பேராசிரியை. அது தப்பு என்று முந்நூறு பக்கம் எழுதியிருப்பவள் இவள்.

"வேற ஆளே கிடைக்கலையா?" என்றான் வீட்டில் கணவன். "ஒருத்தரைத் தேர்வு நடுவுலேயே எழுப்பி அனுப்பினவங்களாமே."

அவள் ஆய்வேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அஞ்சு வருஷமாகப் பிள்ளையை அவன் பார்த்துக்கொண்டதால்தான் படிப்பு இவ்வளவு தூரம் வந்திருந்தது.

தேர்வு அறையில் பேராசிரியை முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை.

"இந்த இருபத்தேழு நோட்டீஸ்தான் உங்க ஆதாரம். 'பெண்களுக்குத் தனிக் காட்சி. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு.' எங்க கிடைச்சது?"

"இணையத்துல, மேடம். திறந்த ஆவணக் காப்பகம். யார் வேணும்னாலும் காசில்லாம படிக்கலாம், ஆய்வுக்கு எடுத்துக்கலாம்."

"யாராவது விளையாட்டா அச்சடிச்சு ஏத்தியிருந்தா?"

"எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒவ்வொண்ணோட அடியிலயும் அச்சகத்தோட பேரும் வருஷமும் இருக்கு. பழைய அச்சகப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன். வருஷம் ஒத்துப்போகுது."

"ஏத்தினது யாரு?"

"பேர் போடல, மேடம். நன்றி சொல்லணும்னு நானும் தேடினேன்."

இரண்டு மணி நேரம் குடைந்து எடுத்தார். அடிக்குறிப்பைக்கூட விடவில்லை. கடைசியில் 'பட்டம் வழங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வழிகாட்டியின் அறைக்கு வந்ததும் இவளுக்குப் பொறுக்கவில்லை.

"பட்டம் கொடுத்தாங்க, சரி. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும், சார்? அவங்க புத்தகத்தைத் தப்புன்னு சொல்லிட்டேன்ல, அந்தக் கோபம்."

வழிகாட்டி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தேர்வு முடியட்டும்னு இருந்தேன். அந்த நோட்டீஸையெல்லாம் ஏத்தினதே அவங்கதாம்மா."

அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"புத்தகம் வந்து மூணு வருஷம் கழிச்சு, இடிக்கப்போற கொட்டகை ஒண்ணுல அட்டைப்பெட்டியோட கிடைச்சது. கிழிச்சுப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்? நம்ம துறை ஸ்கேனர்லதான் லீவு முழுக்க உட்கார்ந்து ஏத்தினாங்க. தேடுறவங்க கண்ணுல படணும்னு ஒவ்வொரு வரியையும் தட்டச்சு வேற பண்ணினாங்க."

"அதுக்கு அவங்களே இன்னொரு புத்தகம் எழுதித் திருத்தியிருக்கலாமே, சார்?"

"நானும் கேட்டேன். 'என் தப்பை நான் எழுதினா எனக்குச் சாதகமாத்தான் எழுதுவேன். பொதுவுல வச்சா, தாட்சண்யம் பார்க்காம எழுத யாராவது வருவாங்க'ன்னாங்க. அப்புறம் மாசம் தவறாம எனக்கு ஃபோன் பண்ணி, யாராவது வந்தாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ இந்தத் தலைப்போட வந்து சேர்ந்த பிறகுதான் கேட்கிறதை நிறுத்தினாங்க."