எதிர் நாற்காலியில் மாதவி

“கிள்ளான் கிளையில சிஸ்டம் ஹேங். வெளியில லோரி வரிசையா நிக்குது, உள்ள எல்லாரும் கத்தறாங்க. முதல்ல என்ன செய்வீங்க, மிஸ்டர் சிவநேசன்?”

கேட்டவள் மாதவி. பிரிக்ஃபீல்ட்ஸில், சிஸ்டம்ஸ் இன்ஜினியர் வேலைக்கான நேர்காணலில், இவளே எதிரில் உட்கார்ந்திருப்பாள் என்று சிவநேசன் கனவிலும் நினைக்கவில்லை.

“உடனே ரீஸ்டார்ட் பண்ண மாட்டேன். பண்ணா தடயம் போயிடும். கடைசியா யாரு எதை மாத்துனாங்கன்னு கேப்பேன். அப்புறம் லாக் பார்ப்பேன்.”

“கத்தறவங்கள?”

“ஆளுக்கு ஒரு கப் சூடான தே தாரிக் வாங்கிக் கொடுத்து உக்கார வைப்பேன்.”

அவள் கன்னத்தில் அதே குழி விழுந்து மறைந்தது.

பல வருடங்களுக்கு முன் அம்மாவோடு கிள்ளானில் அவளைப் பெண் பார்க்கப் போனபோது மாம்பழ மஞ்சளில் சேலை கட்டியிருந்தாள். தனியாகப் பேசச் சொல்லி அனுப்பியதும், இருவரும் வாசலில் நின்று கம்ப்யூட்டரைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். செந்தூல் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் காரில் பாடிக்கொண்டே வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்னாள்: “இது வேணாம்யா. எனக்குப் பிடிக்கல.” காரணம் கேட்டும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மாவிடம் அவன் பேச்சு, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு சரி.

ஆட்குறைப்பில் வேலை போனவனுக்கு இந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும். அந்தப் பழைய அவமானத்துக்கு இவள் இன்று கணக்குத் தீர்த்தால்?

“தினமும் பேக்கப் எடுத்தா போதுமா?” என்றாள்.

“போதாது. ரிஸ்டோர் பண்ணிப் பாக்காத பேக்கப்ப நம்ப முடியாது, மேடம்.”

“காலையிலேருந்து நாலு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. இதை நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. திங்கக்கிழமை வந்து சேருங்க.”

அவனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “உங்களுக்குக் கோபம் இல்லையா, மாதவி?”

“எதுக்கு?”

“அம்மா அன்னிக்கு உங்கள வேணாம்னு சொன்னதுக்கு. எனக்கு இன்னும் ஆறல லா. அவங்க முகம் பாத்துப் பேசியே வருஷக்கணக்காச்சு.”

மாதவி பேனாவைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு வேணாம்னு சொன்னது நான்தான், சிவா. மனசுல வேற ஒருத்தரு இருந்தாரு, அப்பாகிட்ட சொல்ல தைரியம் இல்ல. அடுப்படியில உங்கம்மா கையைப் புடிச்சு அழுதேன். ‘பொண்ணு மறுத்தா ஊரு பேசும்மா, மாப்பிள்ள வீட்டுக்குப் பிடிக்கலன்னு நானே சொல்லிடறேன்’னாங்க... உங்ககிட்டகூடவா சொல்லல?”